மங்களா பொட்டு

அசையாதீங்க மேடம் என்று ஸ்பீக்கரில் முபாரக் சொன்னதும் மங்களாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரிடம் சொல்கிறான் பாருங்கள். இதே கட்டிலில் படுத்த எத்தனை பேரிடம் அசையாதே அசையாதே என்று சொல்லி வாய் வலித்தவள் அவள், அவளுக்கே பாடம். சரி, அவன்மேல் என்ன தப்பு, மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்த வார்த்தை தானாக வரும், அவள் உட்கார்ந்தாலும் வரும். கால்விரல் இடுக்குகளில் சிஸ்டர் ரோசலின் ஊசி போட்டுவிட்டுப் போன இடங்கள் இன்னும் காந்தின. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று நோயாளிகளிடம் இத்தனை காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். எறும்பாம். எந்த ஊர் எறும்பு இது? தேள் என்று சொன்னால் ஒருத்தரும் காலை நீட்ட மாட்டார்கள், அதனால் எறும்பு. விளக்கை அணைத்தாயிற்று. ஏசி மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ஊசியில் போன பச்சை மருந்து இப்போது தோலுக்கடியில் நிணநீர்க் குழாய்களைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும், கண்ணுக்குத் தெரியாது, தலைக்கு மேலே தொங்கும் புதுக் கேமராவுக்கு மட்டும் தெரியும். நல்ல கால் என்றால் கணுக்காலிலிருந்து தொடை வரை நேர்கோடாக மினுங்கும். கெட்ட கால் என்றால் மருந்து வழி தெரியாமல் தோலெங்கும் தெறித்துப் பரவி நிற்கும். அவ்வளவுதான் விஷயம், இதைப் படிக்கத்தான் அவள் பெரிய படிப்பு படித்து இந்த ஆய்வுக்கூடத்தில் காலம் தள்ளியிருக்கிறாள். படம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முபாரக்குக்கும் பெரியவர் டாக்டர் சற்குணத்துக்கும் முன்னால் விழும். அவளுக்குத் தெரியாது. படுத்திருப்பவருக்கு எதையும் காட்டக் கூடாது, பயந்துவிடுவார்கள் என்று சற்குணம் போட்ட சட்டம். பயம் என்னவோ படத்தைக் காட்டினால்தான் வருகிற மாதிரி.

நம்ம பழைய நார்மல் படம் மங்கிப் போச்சு மங்களா, புதுக் கேமரா வந்திருக்கு, அதே காலைப் புதுசா எடுத்துடலாம், திறப்பு விழாவுக்குப் பெருசா மாட்டலாம் என்றார் சற்குணம். அதே கால். ஏதோ காலை அலமாரியில் மடித்து வைத்திருக்கிற மாதிரி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஆய்வுக்கூடம் ஆரம்பித்தபோது, நோய் இல்லாத கால் ஒன்று வேண்டும், அதோடு ஒப்பிட்டுத்தான் மற்ற கால்களைப் பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தது. யாரைப் படுக்க வைப்பது? சற்குணம் அறையைச் சுற்றிப் பார்த்தார். சேலைக்குக் கீழே தெரிந்த கணுக்காலைப் பார்த்தார். மங்களா காலு ஒல்லியா, வெளுப்பா இருக்கு, கோடு பளிச்சுனு தெரியும் என்றார். முடிந்தது தேர்வு. ஒல்லியாக இருந்தால் நல்ல கால், வெளுப்பாக இருந்தால் நார்மல், பெண் பார்க்க வந்தவர்கள்கூட இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது. அன்று எடுத்த படத்தில் வலது கணுக்காலின் உள்பக்கம் சின்னதாக ஒரு தெறிப்பு இருந்தது, குங்குமப் பொட்டு அளவுக்கு. அது என்ன சார் என்று அவள்தான் கேட்டாள். ஊசி மருந்து கொஞ்சம் சிந்தியிருக்கும் என்றார். அப்புறம் வந்த நோயாளிகள் சிலருக்கும் அதே இடத்தில் அதே பொட்டு. பாத்தீங்களா, எல்லாருக்கும் இருக்கிறதுதான் என்றார். அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள், மங்களா பொட்டு. டீ குடிக்கும்போது சொல்லிச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். திரையில் இடது பாதி எப்போதும் அவள் கால், வலது பாதி வந்தவளின் கால். வலது பக்கம் பொட்டு தெரிந்தால், இது வெறும் மங்களா பொட்டு, ஒண்ணுமில்லை, வீட்டுக்கு அனுப்புங்க. ஆளாளுக்கு அவள் பெயரைச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமே. கதவைத் திறந்து வருகிற நோயாளியிடம், உட்காரும்மா என்று சொல்வதற்கு முன்னால் இவர்கள் கேட்பது ஊர் எது என்றுதான். யானைக்கால் நோய் எல்லா ஊரிலும் இருப்பதில்லை, சாக்கடை தேங்கி அதைப் பரப்புகிற கொசு பெருகின சில ஊர்களில்தான் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, அதனால் ஊர்தான் முதல் கேள்வி. அவளை மட்டும் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்து ஆளை யாராவது ஊர் கேட்பார்களா? வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறவளுக்கு ஊர் ஏது, கொசு ஏது? இத்தனைக்கும் மங்களாம்பிகை என்ற பெயரைச் சொன்னாலே ஊரையும் சொன்ன மாதிரிதான், கும்பகோணத்துக் கும்பேஸ்வரர் கோயில் அம்மன் பெயர், தெருவுக்கு நாலு மங்களா அங்கே. வீட்டுக்குப் பின்னால் ஓடிய சாக்கடை வாய்க்கால் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். சாயங்காலமானால் அம்மா ஜன்னலை அடைத்துச் சாம்பிராணி போடுவாள், கொசு சாம்பிராணியோடு சேர்ந்து உள்ளேயே இருக்கும். சுகாதார ஆள்கள் இருட்டின பிறகு வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், இந்தக் கிருமி பொழுது சாய்ந்தால்தான் ரத்தத்தில் உலாவ வருமாம். நம்ம வீட்டுக்கு எதுக்குய்யா, நாங்கள்லாம் சுத்தமா இருக்கிறவங்க, அந்தக் கோடித் தெருவுல போய் எடு என்று அப்பா வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பா வங்கியில் வேலை பார்த்தவர், ஆங்கிலப் பேப்பர் படித்தவர். கொசுவுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கவில்லை. சற்குணமும் அப்பாவும் ஒரே அச்சு, நோய் என்பது எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் வரும், நம்ம நாற்காலிக்கு வராது. நினைக்க நினைக்கப் பல்லைக் கடித்தாள். முகம் அசைந்தால் பரவாயில்லை, கால் அசையக் கூடாது.

குதிகாலில் அரித்தது. அரித்தே தீரும், அசையாதே என்றால் அரிக்காத கால் உலகத்தில் இல்லை. மருந்து இப்போது எங்கே இருக்கும்? கணுக்காலைத் தாண்டியிருக்குமா? உள்ளே ஏதோ குளிர்ச்சியாக ஊர்கிற மாதிரி இருந்தது, அது ஏசியா, மருந்தா, மனசா என்று தெரியவில்லை. எதுவும் தெரியாதும்மா, உணரவே மாட்டீங்க என்று நோயாளிகளிடம் சொல்லுவாளே, பெரிய இவள் மாதிரி. தெரிகிறதே! இடது கால் சும்மா கிடக்கிறது, வலது கால் மட்டும் தான் இருப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. போன ஆடியிலிருந்தே அப்படித்தான். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வலது காலில் வார் பதிந்த தடம், ராத்திரி சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை போகாது. இடது காலில் தடமே இல்லை. விரலால் அமுக்கினால் குழி விழுகிறது, விழுந்த குழி எழும்ப யோசிக்கிறது. நடைபாதையில் சற்குணத்தை நிறுத்திச் சொன்னாள், ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. நின்னுகிட்டே வேலை பாக்குறீங்க, இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும், உப்பைக் குறைங்க மங்களா, நல்லாத் தூங்குங்க என்றார். கையில் டீ கிளாஸ், காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நாடு நாடாகப் போய் நிணநீர் பற்றிப் பேசுகிற மனுஷன், மூணடி தூரத்தில் நிற்கிற கால் அவர் கண்ணில் படவில்லை. உப்பைக் குறைங்க! அவளும் குறைத்தாள், அந்த வெட்கக்கேட்டை என்ன சொல்ல, எல்லாம் தெரிந்தவள் ஒரு மாசம் சப்பென்று ரசம் வைத்துத் தின்றாள், அவர் சொல்வது உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று.

உப்பைக் குறைக்கச் சொல்லித்தான் தெய்வானையையும் அனுப்பினார்கள். இந்நேரம் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள், இன்றைக்கு அவளுக்குக் கட்டு மாற்றுகிற நாள். நாகப்பட்டினம் பக்கம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள், பெரிய அண்டாவை ஒற்றை ஆளாக இறக்கி வைக்கிற உடம்பு. முதல் தடவை வந்தபோது கால் பார்க்க ஒன்றுமில்லை. பொழுது சாஞ்சா இந்தக் கால் மட்டும் கனக்குதும்மா, யாரோ ஈரத்துணியச் சுத்தின மாதிரி இருக்குது என்றாள். எவ்வளவு சரியாகச் சொன்னாள்! படம் எடுத்தார்கள், பொட்டு இருந்தது, இடது பாதியில் மங்களாவின் பொட்டு, வலது பாதியில் தெய்வானையின் பொட்டு, ரெண்டும் அக்கா தங்கை மாதிரி. மங்களா பொட்டு, நார்மல், அனுப்புங்க. மறுபடி வந்தாள், மறுபடி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை, சும்மா சும்மா பஸ் ஏறி வந்துடாதேம்மா, எல்லாம் மனசுதான் என்று சற்குணம் வாயால் கேட்டுக்கொண்டு போனாள். மனசாம்! அப்புறம் நீண்ட நாள் வரவில்லை. போன தை மாசம் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், கால் தூணாக இருந்தது, தோல் தடித்து, விரல் இடுக்கில் புண் வைத்து, காய்ச்சலோடு. சற்குணம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டாரே ஒரு கேள்வி, எல்லாரையும் கேட்கிற அதே கேள்வி. ஏம்மா முன்னாடியே வரலை? தெய்வானை தப்பு செய்த பிள்ளை மாதிரி தரையைப் பார்த்தாள். வந்தேனே சாமி, மூணு தடவை வந்தேனே என்று கத்தியிருக்க வேண்டாமா? கத்தவில்லை. பக்கத்தில் நின்ற மங்களாவுக்கும் வாய் எழும்பவில்லை, ஆனால் அன்று எல்லாரும் போன பிறகு தெய்வானையின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் திரையில் போட்டுப் பார்த்தாள். தெறிப்பு எங்கிருந்து பரவியிருக்கிறது என்று பார்த்தாள். அந்தப் பொட்டிலிருந்துதான், சந்தேகமே இல்லை. அது ஊசி சிந்தினதும் இல்லை, எல்லாருக்கும் இருப்பதும் இல்லை. அது ஆரம்பம். அன்றைக்கே கட்டுப்போட்டு, புண் வராமல் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்திருந்தால் அந்தப் பொம்பளை இன்றைக்கும் அண்டாவைத் தூக்கிக்கொண்டிருப்பாள். அப்புறம்தான் திரையின் இடது பாதியை, இத்தனை வருஷமாகப் பார்த்தும் பார்க்காத தன் காலை, மங்களா முதல்முறையாகப் பார்த்தாள்.

சற்குணத்திடம் போய்ச் சொன்னாள், சொல்லாமல் இல்லை. ஒரு நோயாளிய வச்சு அப்படியெல்லாம் முடிவுக்கு வரக் கூடாது மங்களா என்று பூசி மெழுகினார். நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க என்றார். அப்போதுதான் புதுக் கேமரா வந்தது, அதே காலை எடுக்கலாம் என்று அவரே வாயை விட்டார், எடுங்க சார் என்று அவள் உடனே ஒப்புக்கொண்டாள். ஏன் ஒப்புக்கொண்டாள் என்று அவர் யோசிக்கவே இல்லை. யோசிக்கிற ஆளாக இருந்தால் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு. பொட்டு பொட்டாகவே இருந்தால் அவர் சொன்னது சரி, அவள் உளறுகிறாள், தெய்வானை தலையெழுத்து. பொட்டு பரவியிருந்தால் பொட்டோடு வீட்டுக்குப் போன அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டாக வேண்டும். எத்தனை பேரோ, எந்தெந்த ஊரிலோ, உப்பைக் குறைத்துக்கொண்டு, மனசுதான் மனசுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு. அப்படியானால் இப்போது எதை வேண்டிக்கொள்வது? கும்பேஸ்வரா, என் கால் நன்றாக இருக்க வேண்டும் என்றா? நாசமாய்ப் போயிருக்க வேண்டும் என்றா? நாளைக்கு இந்தக் காலில் எந்தச் செருப்பு நுழையும், பஸ் படிக்கட்டில் எப்படி ஏறுவாள், கல்யாண வீட்டில் சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு ஓர நாற்காலி தேடுவாளா, தேடுகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். பயமாக இருந்தது. நெஞ்சு படக் படக்கென்று அடித்துக்கொண்டது, அந்த அதிர்வு காலுக்குப் போய்விடுமோ என்று அதற்கும் பயமாக இருந்தது. ஒரு மனுஷியை இப்படி வேண்டிக்கொள்ள வைத்துவிட்டார்களே, பாவிகள்! தன் கால் கெட வேண்டும் என்று தானே சாமியிடம் கேட்கிற நிலைமை எந்த எதிரிக்கும் வரக் கூடாது.

ஸ்பீக்கரில் முபாரக் ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தான், மைக்கை அணைக்க மறந்துவிடுவது அவன் வழக்கம். நல்ல பையன், வேலை தெரிந்தவன், ஆனால் ஒளிக்கத் தெரியாதவன். கோடு நேராக ஏறினால் முனகிக்கொண்டே இருப்பான். தெறிப்பு தெரிந்துவிட்டால் பாட்டு நின்றுவிடும், குரல் வெல்லப்பாகாகிவிடும், தண்ணி குடிக்கிறீங்களாம்மா என்று கேட்பான். எவ்வளவு தங்கமான பிள்ளை என்று நோயாளிகள் வாழ்த்திவிட்டுப் போவார்கள். அந்தத் தண்ணீருக்கு என்ன அர்த்தம் என்று மங்களாவுக்குத் தெரியும், ரோசலினுக்குத் தெரியும், முபாரக்குக்கே தெரியாது. பாட்டு போய்க்கொண்டிருந்தது. பல்லவி முடிந்து மறுபடி பல்லவி, இவனுக்குச் சரணம் ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. பாடுடா, பாடிக்கொண்டே இரு. வேண்டாம், நிறுத்து. இல்லை, பாடு. குதிகால் அரிப்பு தானாக அடங்கிவிட்டிருந்தது, எப்போது அடங்கியது என்று தெரியவில்லை. இருட்டில் கேமரா முழங்காலுக்கு மேலே நகர்ந்து, நின்று, மறுபடி கணுக்காலுக்கே திரும்பி வந்தது. அதுவாகத் திரும்பாது, யாராவது திருப்பினால்தான் திரும்பும். ஏசி சத்தம் மட்டும் கேட்டது. பாட்டு எப்போது நின்றது?

"மேடம்," என்றது ஸ்பீக்கர். குரல் இழைந்தது. "மேடம், தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?"

மங்களா கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சற்குணத்தின் குரல் மைக்குக்குச் சற்றுத் தள்ளியிருந்து, ஆனால் தெளிவாகவே கேட்டது. முழுக்கப் பரவியிருக்கே, சே, அசைஞ்சிருப்பாங்க, ஊசி சிந்தியிருக்கும், இதை அழிச்சிடுப்பா. நர்சிங் படிக்கிற பொண்ணு யாரையாவது வரச்சொல்லு, ஒல்லியா, வெளுப்பா.

கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. டாக்டர் சற்குணம் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார், இந்தச் சிரிப்பை நோயாளிகளுக்குச் சிரித்து அவள் பார்த்திருக்கிறாள், தனக்குச் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"எழுந்திருங்க மங்களா. கொஞ்சம் அசைஞ்சிட்டீங்கபோல. பரவாயில்லை, வேற யாரையாவது எடுத்துக்கலாம்."

"நான் அசையலை சார்."

"சரி சரி. பேசிக்கலாம், முதல்ல எழுந்திருங்க."

"எழுந்திருக்க மாட்டேன். முபாரக், அழிக்காதேப்பா. திரும்ப எடு, நான் இப்படியே கிடக்கிறேன். எத்தனை தடவை வேணும்னாலும் எடு. என் ஊர் கும்பகோணம், படத்துக்குக் கீழே எழுதிக்கோ."

முபாரக்கின் மைக் திறந்தே இருந்தது, அவன் மூச்சு கேட்டது. ஊசித் தட்டோடு வந்த ரோசலின் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் தோளுக்குப் பின்னால் நடைபாதை பெஞ்ச் தெரிந்தது, பெஞ்சில் தெய்வானை, கட்டுப் போட்ட காலை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மங்களா இதெல்லாம்," என்றார் சற்குணம். "சின்னப் பிள்ளை மாதிரி."

"கேளுங்க சார்," என்றாள் மங்களா. படுத்தபடியே, பெஞ்சுக்குக் கேட்கிற குரலில். "எல்லாரையும் கேப்பீங்களே, அந்தக் கேள்விய என்னையும் கேளுங்க."

"எந்தக் கேள்வி?"

"ஏம்மா முன்னாடியே வரலைன்னு."

சற்குணம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். 

"வந்தேன் சார்," என்றாள் மங்களா. "பதினாலு வருஷமா தினமும் வந்துகிட்டுதான் இருக்கேன்."

வெளியே நாற்காலி தரையில் கிரீச்சென்று இழுபட்டது. தெய்வானை கட்டுக் காலை மெல்ல இறக்கிவைத்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நானும் வந்தேன்," என்றாள்.